திருக்கடையூரை அழித்தவர்

கும்பகோணம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் வாத்தியார்கள்.

“திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் மொத்தத்தையும் நேத்து அழிச்சுட்டேன், மேடம்.”

மண்டப புக்கிங் டேட்டாபேஸை அவர்தான் பார்த்துக்கொள்கிறாராம். சாயங்காலம் அதே லேப்டாப்பில் வகுப்பு. மடியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

“எப்படி சார்?”

“எதை அழிக்கணும்னு சொல்லாம டெலீட் போட்டா எல்லாம் போயிடும்னு பசங்களுக்குப் போட்டுக் காட்டினேன். பயிற்சி டேட்டாபேஸ்னு நெனச்சுட்டேன்.”

“பசங்க என்ன சொன்னாங்க?”

“நல்லா புரிஞ்சுதுன்னாங்க.”

“பேக்கப் இருக்கும்ல?”

“போன வருஷம் எடுத்தது இருக்கு.”

“அதைப் போட்டுட வேண்டியதுதானே?”

“போட்டேன். அதுல இருக்கறவங்களுக்கெல்லாம் இப்ப அறுபத்தொண்ணு.”