வேதத்தில் நான் சேராததும் செல்லியம்மாள் சேர்ந்ததும்

பஞ்சம் வந்த வருஷத்திலும் பாவு நிற்காமல் பார்த்துக்கொண்ட பெரியதனக்காரரும், இக்கூட்டத்தின் தலைவருமான ஸ்ரீமான் அருணகிரி அவர்களே! ஜலகண்டாபுரம் வாசகசாலையில் இருக்கும் நாற்பது புத்தகங்களைக் கொண்டு நானூறு பேரை வாதாட வைத்துவிட்ட காரியதரிசி அங்கமுத்து அவர்களே! தறிக்குழியில் மடக்கிய காலை இன்னும் முழுதாக நீட்ட முடியாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் இதயத்தில் பொறுமையும் சுமந்து, வேப்பமரத்து நிழலில் கூடியிருக்கும் தாய்மார்களே! சந்தை கலைந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல், நல்லதாக ஒரு சண்டை பார்க்கக் கிடைக்குமென்று நம்பிக்கையோடு நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. செங்கோடன் என்று பெயர். பெரிய வித்வான் அல்ல. 'கிறிஸ்து மதத்தை நம்பாததற்குத் தத்துவக் காரணங்கள்' என்று பேச வேண்டுமெனக் காரியதரிசி எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில், பேசி முடித்ததும் ஒரு தீர்மானத்தை நானே முன்மொழிய வேண்டும் என்று ஒரு வரி. தீர்மானம் இதோ என் கையில் இருக்கிறது. மறைப்பானேன்? முதலிலேயே படித்துவிடுகிறேன்.

"நமது தெருவில் குடியிருக்கும் செல்லியம்மாள் என்னும் கைம்பெண் சென்ற மாதம் ஞானஸ்நானம் பெற்று வேதத்தில் சேர்ந்துவிட்டபடியால், அவளுக்கும், அவளுடன் ஒரே வீட்டில் வசிக்கும் அவள் அண்ணன் கந்தவேல் குடும்பத்துக்கும், இனி என்றென்றைக்கும், வம்சா வம்சமாய், யாரும் பாவுக்கு நிற்கக்கூடாது."

வெளியூரிலிருந்து சந்தைக்கு வந்தவர்களுக்கு இதில் என்ன கொடுமை என்று விளங்காது. பாவுக்கு நிற்பது என்றால் இதுதான். நெசவுக்கு வேண்டிய நீள இழைகளை இந்தப் பாவடி மைதானத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விடியற்காலையில் நீட்டிக் கட்டுவார்கள். கஞ்சி தோய்ப்பார்கள். வெயில் ஏறிக் கஞ்சி இறுகுவதற்குள் இருபுறமும் எட்டுப் பேர் நின்று, இழையோடு இழை ஒட்டாமல் வாரிவிட வேண்டும். எந்த வீட்டிலும் கை தேர்ந்த எட்டுப் பேர் கிடையாது. ஆகையால் என் பாவுக்கு நீ, உன் பாவுக்கு நான். கூலி கிடையாது, கேள்வி கிடையாது. பங்காளிச் சண்டையில் பேச்சு நின்றுபோன வீட்டார்கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டாவது, பாவுக்கு வந்து நிற்பார்கள். நிற்க ஆளில்லாவிட்டால் பாவு இல்லை. பாவு இல்லாவிட்டால் தறி இல்லை. தறி இல்லாவிட்டால் அடுப்பு இல்லை. இதுதான் தீர்மானம். நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.

என்ன ஐயா? "அதெல்லாம் பொறவு பாத்துக்கலாமுங்க, மொதல்ல வேதக்காரங்களப் பத்திப் பேசுங்க" என்கிறீர்களா? பேசுகிறேன். அதற்குத்தானே ரயிலும் வண்டியுமாய் ஏறி வந்தேன்?

சபையோர்களே! நான் கிறிஸ்து வேதத்தைப் படிக்காமல் வெறுத்தவன் அல்லன், படித்து மறுத்தவன். வாலிப வயதில் ஞானாபரணம் என்னும் கிறிஸ்தவ உபதேசியாரோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வருஷம் வாதாடியிருக்கிறேன். காலராக் கண்ட ஊருக்குள் எல்லோரும் கதவைச் சாத்தியபோது தண்ணீர்க் குடத்தோடு நுழைந்த மனிதர் அவர். அவருடைய குணத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் அவருடைய கடவுளின்மேல்தான்.

முதலில் ஆதிபாவம். ஆதி மனிதன் ஒரு பழத்தைத் தின்றான். அதனால் அவன் வழிவந்த அத்தனை பேரும் பாவிகள் என்றார் உபதேசியார். நான் சொன்னேன்: "ஐயா, எங்கள் ஊரில் பொன்னன் என்று ஒருவன். அவனுடைய பாட்டன் ஆடு திருடினவன். ஊரறிந்த சங்கதி. அதற்காகப் பொன்னனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கலாமா?"

"அதெப்படிங்க அடிக்கலாம்? அவன் என்ன பண்ணினான்?" என்றார்.

"பொன்னனுக்கு இருக்கும் நியாயம் எனக்குக் கிடையாதா?" என்றேன்.

பாட்டன் புளித்ததைத் தின்றால் பேரனுக்குப் பல் கூசுமா? தகப்பன் செய்த குற்றத்துக்குத் தொட்டிலில் கிடக்கும் குழந்தை தண்டனை பெறுமா? தாலுகா மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிந்த நியாயம் தரணியைப் படைத்தவனுக்குத் தெரியாதா? செய்யாத குற்றத்தை ஒருவன் தலையில் கட்டுவது நீதியா?

கை தட்டுகிறீர்கள். மகிழ்ச்சி. பலமாகவே தட்டுகிறீர்கள்.

அடுத்தது நரகம். அவர்கள் கடவுளை நம்பாமல் செத்தால் அணையாத நெருப்பு. ஆயிரம் வருஷமா என்று கேட்டேன். இல்லையாம். லட்சமா? அதுவும் இல்லையாம். முடிவே கிடையாதாம். மனிதன் வாழ்வது அறுபது வருஷம். அதில் பாதி தூக்கம். மீதியில் பாதி அறியாமை. எஞ்சிய பதினைந்து வருஷத்தில் அவன் என்னதான் பாவம் செய்துவிட முடியும்? சோம்பேறிகளுக்கு அவ்வளவுகூட முடியாது. அளவுள்ள குற்றத்துக்கு அளவில்லாத தண்டனை தருகிறவனை அரசன் என்போமா, அரக்கன் என்போமா?

மறுபடியும் கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நம்முடைய புராணங்களிலும் எண்ணெய்க் கொப்பரை கொதிக்கிறது. அவர்கள் நெருப்பை அணைக்கப் போகும்போது நம் அடுப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது காரணத்தை நான் இரைந்து சொல்வதில்லை. என் தாயார் மாரக்காள். அறுபது வயதுவரை கழனியிலே உழைத்தாள். ஒருவர் மனம் நோக ஒரு சொல் சொன்னவள் அல்லள். கிறிஸ்து என்ற பெயர் அவள் காதில் ஒரு நாளும் விழுந்தது கிடையாது. நற்செய்தி புறப்பட்டு எங்கள் பக்கம் வந்து சேர ஆயிரத்தெண்ணூறு வருஷம் ஆயிற்று. ரயில்வேக்காரன் சொல்கிறேன், தாமதத்துக்கு எங்களைக் குறை சொல்லாதீர்கள். எங்களைவிட மூத்த தாமதங்களும் உண்டு. வராத வண்டிக்காகப் பிளாட்பாரத்திலேயே செத்துப்போனவர்களைப் பிடித்து, ஏன் வண்டி ஏறவில்லை என்று தண்டிப்பது எந்த ஊர் சட்டம்?

ஒருநாள் உபதேசியாரைக் கேட்டேன். "என் அம்மா இப்போது எங்கே இருக்கிறாள்?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி, "அது எனக்குத் தெரியாதுங்க சாமி. ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்றார்.

யோக்கியமான பதில். என் தாய் இருக்கும் இடம் தெரியாத ஒரு மோட்சத்துக்கு நான் மட்டும் போய் என்ன செய்ய? அன்றோடு முடிவு செய்தேன். சேரவில்லை. இன்றும் சேரவில்லை. இனியும் சேரமாட்டேன்.

நாலாவது ஒன்று இருக்கிறது. நம்பு, இல்லாவிட்டால் கேடு என்கிறார்கள். நம்பிக்கை என்பது கட்டளைக்கு வருகிற காரியமா? தலைவர் அவர்களைப் பணிவோடு கேட்கிறேன்: இந்தப் பாவடி மைதானம் சமுத்திரம் என்று, நாளைக் காலைக்குள், மனதார நம்பிவிட உங்களால் முடியுமா?

"என்னால முடியாதுங்க" என்கிறார் தலைவர்.

முடியாதென்று உங்களை அடித்தால்? ஆமென்று வாய் சொல்லும், உள்ளம் சொல்லுமா? காதைத் திருகினால் கண்ணீர் வரும், கருத்து மாறுமா? அடிக்குப் பணிவது முதுகு. அறிவுக்குப் பணிவது மனம். மனம் நம்பியதற்கும் நம்பாததற்கும் மனிதனைத் தண்டிப்பது மகா அநியாயம்!

இதற்குத்தான் இதுவரை இல்லாத கைதட்டல். அந்தப் பெரியவர் துண்டை எடுத்து வீசுகிறார். அங்கமுத்து அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். மிக்க நன்றி. இனி, தீர்மானத்துக்கு வருவோம்.

சபையோர்களே, தீர்மானத்தை முன்மொழிகிறவன் விஷயம் தெரிந்துகொண்டு முன்மொழிய வேண்டும் அல்லவா? ஆகையால் இன்று மத்தியானம் செல்லியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஊரார் பேச்சை மீறிப் போனதற்கு மன்னிக்க வேண்டும். அண்ணன் கந்தவேல் வாசலில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. "நான் ஒண்ணும் சேரலீங்க. தங்கச்சிய ஊட்ட உட்டுத் தொரத்துன்னாங்க, மாட்டேன்னுட்டேன். அதானுங்க நான் செஞ்ச குத்தம்" என்றார்.

உள்ளே அந்த அம்மாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என் வாதங்களையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏனுங்கம்மா, நரகத்துக்குப் பயந்தா சேர்ந்தீர்கள்?"

"நரகமாவது ஒண்ணாவதுங்க. அதெல்லாம் நான் பாத்தாச்சுங்க."

"பின்னே, ரொட்டி கொடுத்தார்களா, துணி கொடுத்தார்களா? ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்."

சிரித்தார்கள். "துணி நெய்யறவளுக்கு எவனுங்க துணி குடுப்பான்?"

பிறகு சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மை கண்டு அவர்களுடைய ஒரே மகள் ராஜம்மாள் போய்விட்டாள். பதினொரு வயது. "எல்லாரும் வந்து சமாதானம் சொன்னாங்க. விதின்னாங்க, போன சென்மத்துக் கர்மமின்னாங்க. பதினோரு வயசுப் புள்ள என்னங்க கர்மம் பண்ணியிருக்கும்? அப்பத்தான் ஞானாபரணம் உபதேசியார் வந்தாரு. ஒண்ணும் பேசலீங்க, சும்மா உக்காந்திருந்தாரு. போகையில ஒண்ணு சொன்னாரு. அவுங்க சாமியும் புள்ளயப் பறிகுடுத்த சாமியாம். அந்த ஒரு சாமிக்குத்தான் என்ற வவுறு எரியறது தெரியுமுன்னு தோணிச்சுங்க. அவ்வளவுதானுங்க."

தாய்மார்களே, நான் உங்களிடம் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. ஊரார் குற்றத்துக்காகத் தன் பிள்ளையைச் சாகக் கொடுத்த கடவுள் நீதிபதியே அல்ல என்பது அது. இருபது வருஷமாக என் கையில் இருந்தவற்றிலே அதுதான் கூர்மையான வாதம். எந்தக் கதையைக் கேட்டு நான் முகம் சுளித்தேனோ, அந்தக் கதையில் அந்த அம்மாள் தலை சாய்த்துவிட்டார்கள். என் வாதம் தப்பென்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த நூல் ராட்டினத்துக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

யாரோ கேட்கிறார்கள். நன்றாய்க் கேட்டீர்கள், இன்னொரு முறை இரைந்து கேளுங்கள். "அப்ப நீயும் வேதத்துல சேந்துட்டியா?" இல்லை ஐயா! சேர்ந்திருந்தால் எனக்கு இந்தச் சங்கடம் இல்லை. சேராதவனாக நிற்பதுதான் சங்கடம். பாட்டன் குற்றத்துக்குப் பேரனைத் தண்டிக்கலாகாது என்றேன், தட்டினீர்கள். தங்கை சேர்ந்ததற்குத் திருநீறு பூசிய அண்ணனைத் தண்டிக்கச் சொல்கிறது இந்தக் காகிதம். முடிவில்லாத தண்டனை அரக்கத்தனம் என்றேன், தட்டினீர்கள். 'என்றென்றைக்கும், வம்சா வம்சமாய்' என்கிறது இந்தக் காகிதம். அந்தக் கடவுளாவது மனிதன் செத்த பிறகுதான் அவனை நெருப்பில் போடுவாராம். நாம் உயிரோடிருக்கும்போதே அடுப்பை அணைக்கிறோம். நம்பாததற்காக என்னைத் தண்டிக்கிற கடவுளை நான் கும்பிட மறுத்தேன். நம்பியதற்காக ஒருத்தியைத் தண்டிக்கிற ஊருக்கு நான் எப்படிக் கைகட்டி நிற்பேன்? இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழிந்தால், ஞானாபரணம் உபதேசியாரிடம் போய், "ஐயா, உங்கள் கடவுளிடம் எனக்கிருந்த வழக்கு தீர்ந்தது, நானும் அவரைப் போலவே ஆகிவிட்டேன்" என்று சொல்ல வேண்டிவரும்.

முன்மொழியமாட்டேன்!

ஏசுகிறவர்கள் ஏசுங்கள், நியாயம்தான். வண்டிக்கூலி கொடுத்து அழைத்தவர்களுக்குத் துரோகம் செய்துவிட்டேன். "வேறொருத்தர் முன்மொழிவாருங்க" என்கிறார் காரியதரிசி. தாராளமாய். இதோ காகிதம். யார் வாங்கிக்கொள்கிறீர்கள்? கை நீட்டுங்கள். சற்றுமுன் தட்டிய கைகள் நானூறு ஜோடியாவது இருக்கும். ஒரு கை போதும்.

சரி. தலைவருக்கு முன்னால் மேசைமேல் வைத்துவிடுகிறேன். காற்றில் பறக்காமல் கல் வைத்துக்கொள்ளட்டும்.

செல்லியம்மாளுக்கு நாளை விடியற்காலை பாவு. கஞ்சிக்கு இப்போதே அரிசி ஊறுகிறது; நான் பார்த்தேன். எட்டுப் பேர் வேண்டும். கந்தவேல், அவர் மனைவி, அந்த அம்மாள், ஆக மூன்று. நாலாவதாய் நான் நிற்கிறேன். நான் பேனா பிடித்த கை; இழையை அறுக்கிற கை. ஆகையால் மற்ற நாலு பேர் நல்ல கைகளாய் வர வேண்டும்.

அங்கே எழுந்து நிற்கும் அம்மாள் யார்? பாப்பாயியா? சொல்லுங்கள் தாயே. "போன மாசம் என்ற பாவுக்கு அவ வந்து நின்னாளுங்க. அப்ப அவ சேந்தாச்சு. என்ற பாவு ஒண்ணும் தீட்டாப் போயிரலீங்க. நான் வாரேன்." ஐந்து. பக்கத்தில் இருப்பவர் அவருடைய வீட்டுக்காரரா? தலையில் கை வைத்துக்கொள்கிறார். அவரையும் சேர்த்து ஆறு என்கிறார் அம்மாள். மரத்தடியில் ஒருவர் கை தூக்குகிறார், பெயர் ராசுவாம், ஏழு.

எட்டாவது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். நம்பிக்கையைப்போலவே இதையும் கட்டளையிட்டு வாங்க முடியாது. அவர் வீட்டுக்குத்தான் போகிறாரோ, கஞ்சிப் பானைக்குத்தான் போகிறாரோ, விடிந்தால் தெரியும்.

கேட்க வந்ததைக் கேட்டுக் கை தட்டியவர்களுக்கும், கேட்க விரும்பாததையும் உட்கார்ந்து கேட்டவர்களுக்கும், கல்லெடுத்தும் எறியாமல் வைத்திருக்கும் அந்த மூலையிலுள்ள நண்பருக்கும் என் நன்றி. ராத்திரி ரயிலுக்கு நான் போகவில்லை. கோழி கூவும்போது வருகிறவர்களை இதே மண்ணில் நின்று வணங்குகிறேன். வராதவர்களுக்கு இப்போதே என் வணக்கம்.