குடுத்து வச்சவ

— யாருக்குன்னு கேட்டேன்.

— என் தங்கச்சிக்கு.

— தங்கச்சிக்கா. சரி. வயசு?

— நாப்பத்தேழு. இல்ல, நாப்பத்தஞ்சு.

— பாருங்க, இந்த மருந்துக்கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. அரிப்பு அவளுக்குத்தான், எரிச்சல் அவளுக்குத்தான். அக்காங்க மட்டும் சௌக்கியமா இருக்காங்க.

— நான் வேற கடை பாத்துக்கறேன்.

— அட, கோச்சுக்காதீங்க. உள்ள வாங்க. திரைக்குப் பின்னால ஊசி போடற ஸ்டூல் இருக்கு, உக்காருங்க. மத்தியானத்துல இங்க யாரும் வரமாட்டாங்க. எனக்கும் ஐம்பது தொடப்போகுது, என்கிட்ட என்ன வெக்கம்?

— உக்காரத்தான் முடியல.

— அப்ப நின்னுக்கிட்டே சொல்லுங்க டீச்சர்.

— டீச்சர்னு எப்படித் தெரியும்?

— விரல்ல சிவப்பு மை. அதுவும் இல்லாம, வயசைத் தப்பா சொல்லிட்டு நீங்களே திருத்திக்கிட்டீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சுபோச்சு. ஆமா, உங்களை இந்தப் பக்கம் பாத்ததில்லையே.

— எங்க தெருவுல இருக்கற கடைங்க எல்லாத்துலயும் ஆம்பளைங்க. பஸ்ஸுல போகும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க நிக்கறதைப் பாத்திருக்கேன். ஒரு மாசமா இறங்கணும்னு நினைச்சு நினைச்சு, இன்னைக்குத்தான் இறங்கினேன்.

— நல்ல காரியம் பண்ணீங்க. எவ்வளவு நாளா இருக்கு?

— போன வருஷப் பரீட்சை சமயத்துல ஆரம்பிச்சது. முதல்ல உரசல் மாதிரி இருந்துச்சு. அப்புறம் அரிப்பு. பாடம் நடத்திக்கிட்டிருக்கும்போது வந்துடும். எவ்வளவு நேரம்தான் மேஜை ஓரத்துல காலை அழுத்திக்கிட்டு நிக்கறது? பெஞ்சுக்கு நடுவுல நடக்க ஆரம்பிச்சேன். பிள்ளைங்க நான் கண்காணிக்கறேன்னு பயந்து ஒழுங்காப் படிக்குதுங்க. இந்த வருஷம் பள்ளிக்கூடத்துலயே என் பாடத்துலதான் மார்க் அதிகம்.

— ஐயோ, சிரிச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.

— சிரிங்க. இதைக் கேட்டுச் சிரிக்கறதுக்காவது ஒரு ஆள் வேணும் எனக்கு.

— மாசா மாசம் வருதா?

— ஒழுங்கு இல்ல. ரெண்டு மாசம் வரும், அப்புறம் ஆளையே காணோம்.

— வெள்ளை படுதா? நாத்தம், நடுவுல ரத்தம், அந்த மாதிரி?

— அதெல்லாம் இல்ல. காய்ஞ்சு கிடக்கு, அவ்வளவுதான். பேப்பர் மாதிரி. ஒண்ணுக்குப் போனா சுரீர்னு எரியும்.

— இதுவரைக்கும் என்ன போட்டீங்க?

— படர்தாமரைக் களிம்பு. எங்க தெருக் கடையில கால் விரல் இடுக்குக்குன்னு சொல்லி வாங்கினேன். அப்புறம், காயம் கழுவற மருந்தைத் தண்ணியில கலந்து காலையிலயும் ராத்திரியும் கழுவறேன். சோப்பும் போட்டுத்தான்.

— அடப் பாவமே. ஏற்கெனவே காய்ஞ்ச தோலைத் தேய்ச்சுத் தேய்ச்சு இன்னும் காயப்போட்டிருக்கீங்க.

— அழுக்குன்னு நினைச்சேன். என் உடம்புல ஏதோ அழுக்கு சேர்ந்துபோச்சுன்னு.

— அழுக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேளுங்க. இந்த வயசுல உள்ள சுரக்கறது குறையுது. தோல் மெலிஞ்சுடுது. முகம் வறண்டா க்ரீம் பூசறோம், அது கண்ணுக்குத் தெரியுது. இது தெரியல, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மருந்துத் தண்ணி, சோப்பு, வாசனைப் பவுடர் எல்லாத்தையும் இன்னையோட நிறுத்துங்க. வெறும் தண்ணி போதும். உள்ளாடை பருத்தியில, கொஞ்சம் தளர்வா. ஈரப்பதத்துக்குன்னே ஒரு ஜெல் வருது, வாரத்துல ரெண்டு மூணு நாள் போட்டாப் போதும். அப்புறம் லேடி டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. அரிப்புக்கு வேற காரணம் இருக்கான்னு அவங்கதான் பாத்துச் சொல்லணும். ஜெல்லுல கேக்கலைன்னா ஹார்மோன் களிம்பு எழுதுவாங்க. அதைச் சீட்டு இல்லாம நான் தரமாட்டேன்.

— இவ்வளவுதானா?

— இவ்வளவுதான். வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?

— எதை?

— எதைன்னா? இதைத்தான்.

— பேப்பர் திருத்தணும்னு சொல்லுவேன். தலைவலின்னு சொல்லுவேன். ஒரு நாள் சாக்கு எதுவும் கிடைக்காம, நீங்க குறட்டை விடறீங்க, எனக்குத் தூக்கம் கெடுதுன்னு சொல்லிட்டேன். மறுநாளே தலையணையை எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டாரு. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல.

— நீங்களும் சொல்லலையே.

— கேட்டாத்தானே சொல்ல முடியும். கேக்காதவங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கறது? வகுப்புல எந்தப் பாடமா இருந்தாலும் ஆரம்பிச்சுடுவேன். இதுக்கு முதல் வரியே வரல.

— கொஞ்சம் இருங்க, யாரோ வர்றாங்க. என்ன சார் வேணும்? இருமல் மருந்தா? சளி இருக்கா, வறட்டு இருமலா? இந்தாங்க, ராத்திரி மட்டும் குடிங்க. ம், போயிட்டாரு. அந்த மனுஷனுக்கு எவ்வளவு சுலபம் பாருங்க. வறட்டு இருமல்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டுப் போறாரு.

— ஆம்பளைங்களுக்கு எல்லாம் சுலபம்தான்.

— எல்லாரையும் ஒரே தராசுல வைக்காதீங்க. இங்க ஒருத்தர் வருவாரு. பொண்டாட்டிக்கு இதே கஷ்டம். அந்த ஜெல்லை நான் வாங்கி வைக்கறதே அவருக்காகத்தான்.

— பொண்டாட்டிக்காக அவரே வந்து வாங்கறாரா?

— வாங்கறதோட விட்டாரா? முதல் நாள் எவ்வளவு கேள்வி கேட்டாருங்கறீங்க. இது எரியுமா, எவ்வளவு போடணும், போட்டு எத்தனை நாள்ல குணம் தெரியும்னு. பொண்டாட்டி உடம்பைப் பத்தி ஒரு ஆம்பளை அவ்வளவு பொறுமையாப் பேசி நான் கேட்டதே இல்ல.

— சரி, அப்புறம்?

— அப்புறம் என்ன, அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு வந்து வந்து சொல்லுவாரு. இப்ப சோப்பு போடறதில்ல மேடம், இப்ப அரிப்பு கொறஞ்சிருக்கு மேடம், நேத்து நல்லாத் தூங்கினா மேடம்னு.

— இதை எல்லாம் அந்தம்மா அவர்கிட்ட வாய் திறந்து சொல்லிட்டாங்களா?

— முதல் தடவையே சொல்லிட்டாங்களாம். எரியுது, கொஞ்சம் நிறுத்துங்கன்னு சொல்லிட்டுச் சிரிச்சுட்டாங்களாம். அவ சிரிச்சதும்தான் எனக்கு பயம் போச்சு மேடம்னாரு.

— சிரிச்சாங்களா.

— ஆமா. அவளுக்கு எதுக்கெடுத்தாலும் சிரிப்புதான்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சுபோவாரு.

— குடுத்து வச்சவ.

— அதைச் சொல்லுங்க.

— இல்ல, நிஜமாவே எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. முகம் தெரியாது, பேர் தெரியாது, அவ மேல பொறாமை பொத்துக்கிட்டு வருது. நான் இருபத்திரெண்டு வருஷமா என்ன பண்ணேன்னு தோணுது.

— எரிச்சல் ஒரு இடத்துல போதும் டீச்சர், வயித்துக்கும் ஏத்திக்காதீங்க. எனக்கு மட்டும் இல்லையா? எங்க வீட்டுக்காரரு தினம் சாயங்காலம் இதே கல்லாவுலதான் உக்காருவாரு. நான் எதை எடுத்துட்டுப் போறேன், எதுக்கு எடுத்துட்டுப் போறேன், ஒண்ணும் கேக்கமாட்டாரு. அலமாரியில ஒண்ணு கொறையுதேன்னு மட்டும் கேப்பாரு. அந்த மனுஷன் வந்துட்டுப் போற அன்னைக்கெல்லாம் நான் வீட்டுல காரணமே இல்லாம சண்டை போடுவேன்.

— அவரு பாக்க எப்படி இருப்பாரு?

— சாதாரணமாத்தான். அதிகம் பேசறவரே இல்ல. முகம் பாத்துக் கேக்க முடியாம, முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் முதல் நாள் கேட்டாரு. இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க, சிரிப்பீங்க. இந்த ட்யூபைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில வச்சு சூடு பண்ணிக் குடுக்கலாம்னா, என் கை எப்பவும் ஜில்லுன்னே இருக்கு மேடம், வேற வழி இருக்கான்னு கேட்டாரு.

— கை ஜில்லுன்னு இருக்குமா?

— அவரு பண்ற வேலை அப்படி. நாள் பூரா ஐஸ்லயும் கேஸ்லயும் கையை விட்டுக்கிட்டு. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அதோ, ஊசி மருந்து வைக்கற அந்த ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனப்ப வந்தாரு. அதுக்குப் பின்னால தலையை விட்டுக்கிட்டுத்தான் கேட்டாரு. என்ன டீச்சர், அந்த ஃப்ரிட்ஜையே பாக்கறீங்க?

— ஒண்ணுமில்ல. இடது கையில கட்டைவிரல் நகம் இருக்காதே அவருக்கு?

— அட, ஆமா. ஃபேன்ல மாட்டிக்கிட்டதுன்னாரு. உங்களுக்கு அவரைத் தெரியுமா?

— எங்க வீட்டு ஃப்ரிட்ஜையும் அவருதான் பாக்கறாரு.

— பாத்தீங்களா, ஊரு எவ்வளவு சின்னது. நல்ல மனுஷன் இல்ல?

— நல்ல மனுஷன். எவ்வளவு நாளா வாங்கறாரு?

— மழைக்கு முன்னாடிலேருந்து. மாசம் ஒண்ணு, சில மாசம் ரெண்டு.

— ஒண்ணு விடாம எல்லாத்தையும் வீட்டுக்குத்தான் கொண்டுபோறாரா?

— இதென்ன கேள்வி? வேற எங்க கொண்டுபோவாரு? மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அவளுக்கு முட்டி வலி, அதனால நானே வாங்கிட்டுப் போறேன்னு சொன்னாரு.

— மூணாவது மாடியா?

— ஏன்?

— அவரு வீடு கீழ்வீடு. வாசல்ல ரெண்டே படி.

— மாறியிருப்பாங்க. வாடகை வீடுன்னா மாறாமயா?

— சொந்த வீடு.

— அப்ப எனக்குத்தான் சரியாத் தெரியல போலிருக்கு. தண்ணி குடிங்க முதல்ல. முகமே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

— அந்தம்மாவுக்கு நம்ம வயசுதானா? நல்லா யோசிச்சு சொல்லுங்க.

— நம்ம வயசுதான், ஒண்ணு ரெண்டு கூடவே இருக்கலாம். நரைக்கு மை போடவும் மாட்டாளாம், அதையும் ரசிச்சுச் சொல்லுவாரு. சின்னப் பொண்ணுக்கு எதுக்கு டீச்சர் இந்த ஜெல்?

— அதைத்தான் நானும் நினைச்சேன். சின்னப் பொண்ணா இருந்தா சுலபமா இருந்திருக்கும்.

— எது சுலபமா இருந்திருக்கும்?

— புரிஞ்சுக்கறது. இளமை போயிடுச்சு, அதனால இப்படின்னு ஒரு விடை எழுதி முடிச்சிருக்கலாம். அவளுக்கும் நரை, அவளுக்கும் முட்டி வலி. எனக்கு எங்க எரியுதோ அங்கதான் அவளுக்கும் எரியுது. அவ சொன்னா, நான் சொல்லல. அதுக்காகவா அவளுக்கு மட்டும் ட்யூபைச் சூடு பண்ணிக் குடுக்கறது?

— நீங்க அந்தம்மா மேல ரொம்பத்தான் பொறாமைப்படறீங்க. இன்னைக்கு ராத்திரியே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பாருங்க. யாரு கண்டா, அவருக்குள்ளயும் இப்படி ஒரு ஆள் இருக்கலாம்.

— இருக்காரு. இப்பதான் தெரிஞ்சுது.

— அப்புறம் என்ன? தைரியமாப் பேசுங்க.

— சரி, அந்த ஜெல்லைக் குடுங்க, நான் கெளம்பறேன்.

— அதுதான் சங்கடம். தீர்ந்துபோச்சு, சரக்கு வெள்ளிக்கிழமைதான் வரும். வேற கம்பெனி ஒண்ணு இருக்கு, அதுவும் நல்லாத்தான் கேக்கும்.

— அந்தத் தட்டுல தனியா ஒண்ணு வச்சிருக்கீங்களே.

— அது அவருக்கு எடுத்து வச்சது டீச்சர். சாயங்காலம் வர்றேன்னு போன் பண்ணாரு.

— அதையே குடுங்க.

— எல்லாத்துக்கும் உள்ள மருந்து ஒண்ணுதாங்க, அட்டைதான் வேற.

— எனக்கு வேற வேணாம். அது வேணும்.

— என்ன டீச்சர், குழந்தைங்க மாதிரி அடம் பிடிக்கறீங்க. சரி, இந்தாங்க. ஆனா பாவம், அந்த மனுஷன் ஆசையா வந்து நிப்பாரு. யாருக்குக் குடுத்தீங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?

— உங்க பொண்டாட்டியே நேர்ல வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுங்க.