ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வில்லன் கூட்டம்

அப்பா: ...இருள் அரசருக்குக் கீழே ரெண்டு இணை இருள் அரசர். அவங்களுக்குக் கீழே நாலு துணை இருள் அரசர். ஒவ்வொரு துணைக்கும் ஒரு...

மகள்: அப்பா, சண்டை எப்போ வரும்?

அப்பா: பதவியை நிரப்பாம சண்டை எப்படி வரும்?

அம்மா: ஆபீஸ்ல காலம் பூரா இதைத்தான் செஞ்சாரு. அங்கேயும் ஒண்ணும் நடக்கலை.

அப்பா: கண்காணிப்பாளரா இருந்தேன்மா. ஒண்ணும் நடக்காம பாத்துக்கிறதுதான் அந்த வேலை.

மகள்: இங்க நடக்க வைக்கணும்பா. திரும்பச் சொல்றேன், கேளுங்க. இது மேஜையைச் சுத்தி உக்காந்து ஆடுற கதை. நான் கதையை நடத்துவேன். அண்ணன்தான் வீரன். நீங்க ஒரு வில்லன் கூட்டம், அம்மா இன்னொரு வில்லன் கூட்டம். அண்ணன் என்ன செய்யப் போறேன்னு வாயால சொல்லுவான், பகடையை உருட்டுவான். பலிச்சுதா இல்லையான்னு பகடை சொல்லும். அவ்வளவுதான்.

அப்பா: இந்தப் பகடைக்கு இருபது முகம் இருக்கே.

மகள்: ஆமா.

அப்பா: ஆறு முகத்துலயே எத்தனையோ குடும்பம் நாசமாப் போயிருக்கு.

அம்மா: எனக்கு ஒரு சந்தேகம். எதுக்கு ரெண்டு கூட்டம்? ஒரு வில்லன் போதாதா?

மகள்: ஒரே வில்லன்னா அண்ணன் ஒரு மத்தியானத்துல கதையை முடிச்சிட்டு எழுந்து போயிடுவான். ரெண்டு கூட்டம் ஒண்ணை ஒண்ணு கவுக்கப் பாத்துக்கிட்டே இருந்தா, நடுவுல அவன் மாட்டிக்குவான். ஒரு ஞாயித்துக்கிழமையில முடியாது. மிச்சத்துக்கு அடுத்த வாரமும் வந்தாகணும்.

அம்மா: அப்போ பத்து கூட்டம் வெச்சுடு.

மகள்: அம்மா...

அம்மா: மூணு வருஷமா இந்த வாசப்படியை மிதிக்காதவன். ஒரே நாளோட போயிட்டா?

அப்பா: பத்து வெச்சா நிர்வாகம் கெடும். இருக்கிற ரெண்டை முறையா வெப்போம். அவன் வந்து பாத்ததும், ‘பரவாயில்லையே, அப்பா படிச்சிருக்காரே’ன்னு தோணணும்.

மகள்: நிஜமாவே படிச்சீங்களா விதிப் புத்தகத்தை?

அப்பா: ரெண்டு தடவை. ஒரு இடத்துல முரண்பாடு இருக்கு. ஆசிரியருக்கு எழுதலாம்னு இருக்கேன்.

அம்மா: எழுதுங்க. பாவம், அவரும் சோறு தண்ணி இல்லாம உங்க கடுதாசிக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு.

மகள்: சரி, கூட்டத்துக்குப் பேர் என்னப்பா?

அப்பா: ‘கரும்பிழம்புப் பேரரசின் தலைமைச் செயலகம்.’

மகள்: அண்ணன் இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள செத்துடுவான்பா.

அப்பா: வில்லன்னா ஒரு கம்பீரம் வேண்டாமா?

மகள்: படை எங்க?

அப்பா: இதோ. வரிசையா இருக்கே.

மகள்: குண்டூசி!

அப்பா: குதிரைப்படை. அந்தப் பக்கம் காகிதக் கிளிப் எல்லாம் காலாட்படை.

மகள்: அம்மா, உன் கூட்டம்?

அம்மா: என்னுது சின்னது. ஒரு சூனியக்காரி. அவளுக்கு நாலு தங்கச்சி. கோட்டைச் சாவி மொத்தமும் அவங்க இடுப்புல.

அப்பா: சாவியா? படை இல்லையா?

அம்மா: படை எதுக்குங்க? நான் நர்ஸா இருந்த வார்டுல பெரிய டாக்டர் உள்ள வந்தா கட்டில்ல கிடக்கிறவன்கூட எந்திரிக்கப் பாப்பான். ஆனா மருந்து அலமாரிச் சாவி என்கிட்ட. அவரு வந்து என் மேஜை முன்னாடிதான் நிக்கணும்.

மகள்: அய்யோ, அம்மா! பிரமாதம். அப்போ அப்பாவோட படை கோட்டைக்குள்ளயே நுழைய முடியாது.

அப்பா: பூட்டை உடைப்போம்.

அம்மா: உடைக்க யாரு கையெழுத்துப் போடணும்?

அப்பா: துணை இருள் அரசர் பரிந்துரைக்கணும். இணை இருள் அரசர் ஒப்புதல் தரணும்.

மகள்: தருவாரா?

அப்பா: அவர் விடுப்புல இருக்காரு.

மகள்: அப்பா! வில்லனுக்கு எதுக்கு லீவு?

அப்பா: சேர்ந்த நாள்லருந்து எடுக்கலையாம்.

அம்மா: நான் ஜெயிச்சுட்டேன். அடுத்தது என்ன?

மகள்: இல்லம்மா, இரு. ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே பொருள் மேல கண்ணு இருக்கணும். அதுக்காகத்தான் மோதிக்கணும். கிரீடம், வாள், மந்திரக் கல்... எதாவது சொல்லுங்க.

அம்மா: அந்த வீரன்.

மகள்: வீரன் பொருள் இல்லம்மா. அது அண்ணன்.

அம்மா: அதான். அவன் எங்க பக்கம் வரணும்.

அப்பா: நானும் அதையேதான் வெச்சிருக்கேன். ‘வீரனைப் பிடித்து இருள் அரசர் முன்னிலையில் ஆஜர்படுத்துதல்.’

மகள்: ஆஜர்படுத்தி என்னப்பா செய்வீங்க?

அப்பா: அது வரைக்கும்தான் யோசிச்சேன்.

அம்மா: நான் மேலேயும் யோசிச்சிருக்கேன். உக்கார வெச்சு சாப்பாடு போடுவா.

மகள்: யாரு, சூனியக்காரியா?

அம்மா: விஷம் வெச்சுத்தான்.

மகள்: எவ்வளவு விஷம்?

அம்மா: தூக்கம் வர்ற அளவுக்கு.

மகள்: அம்மா...

அம்மா: தூங்கி எந்திரிச்சதும் போகட்டும். நான் என்ன கட்டியா போடப் போறேன்? தானே பொங்கித் தானே தின்னு இளைச்சுப் போயிருப்பான்... வீரனைச் சொன்னேன்.

மகள்: புரியுது.

அப்பா: இவளுது வில்லன் கூட்டமே இல்லை. சத்திரம்.

அம்மா: உங்களுது பதிவாளர் ஆபீஸ். வீரன் டோக்கன் வாங்கிட்டு உக்காரணும்.

அப்பா: சரி... அவன் யாரு பக்கம் சேருவான்?

அம்மா: இதெல்லாம் ஒரு கேள்வியா? என் பக்கம்தான்.

அப்பா: என் பக்கம் பதவி இருக்கு. ஓய்வூதியம் இருக்கு.

மகள்: ரெண்டு பக்கமும் வேண்டாம்னு சொல்லிட்டு ஊரை விட்டே போகவும் செய்யலாம். ஆட்டத்துல அதுக்கு இடம் உண்டு.

அம்மா: போயிட்டா வில்லனுங்க என்ன செய்வாங்க?

மகள்: தெரியலை. எதிரும் புதிருமா உக்காந்திருப்பாங்க.

அப்பா: அந்த விதியை எடுத்துடு.

மகள்: எடுக்க முடியாதுப்பா. வாங்க, ஒரு ஒத்திகை பாத்துடலாம். வீரன் உங்க எதிர்ல வந்து நிப்பான். என்ன வேணா கேப்பான். நீங்க அப்பாவாப் பேசக் கூடாது, இருள் அரசராத்தான் பதில் சொல்லணும். இப்போ நான்தான் அண்ணன்.

அப்பா: எழுந்து நிக்கணுமா?

மகள்: நீங்க அரசர்ப்பா. உக்காருங்க.

அப்பா: ம். கேள்.

மகள்: இருள் அரசரே! என் ஊரை ஏன் எரிச்சீங்க?

அப்பா: மேற்படி ஊருக்கு உரிய அவகாசம் தரப்பட்டது. திருந்தவில்லை. ஆகவே, நிர்வாக நலன் கருதி...

அம்மா: வில்லன்னா சிரிக்கணும்ங்க.

அப்பா: ஹ... ஹ.

அம்மா: சளி பிடிச்ச மாதிரி இருக்கு.

மகள்: அம்மா, நீ சும்மா இரு. அந்த ஊர்ல என்னோட பெட்டி ஒண்ணு இருந்துது, இருள் அரசரே.

அம்மா: ஏய்...

மகள்: அண்ணன் கேப்பான்மா. கேக்காம இருக்க மாட்டான். இப்பவே கேட்டுட்டா அன்னிக்குத் தடுமாற வேண்டாம்ல? அந்தப் பெட்டியில நான் வரைஞ்ச வரைபடம், நானே வண்ணம் பூசின குட்டி வீரனுங்க, பகடை, எல்லாம் இருந்துது. என் கூட்டாளிங்க இதே மேஜையில உக்காந்து ஆடுவாங்க. ‘ஒண்ணு இந்தப் பெட்டி இருக்கணும், இல்ல நீ இருக்கணும்’னு சொன்னீங்க. மறுநாளே பெட்டியைத் தூக்கிப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டீங்க. பெட்டி போனா நான் இருப்பேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?

அப்பா: பரீட்சைக்குப் படிக்கிற பையன், ராத்திரி பகலா பூதம், பிசாசுன்னு...

மகள்: இருள் அரசராப் பேசுங்கப்பா.

அப்பா: இருள் அரசர்... அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அப்போ திறந்து பாக்கலை.

மகள்: இப்போ?

அப்பா: இப்போ எல்லாம் படிச்சுட்டாரு. பகடையை உருட்டும்மா. பேசிக்கிட்டே இருந்தா எப்படி?

மகள்: மூணு.

அப்பா: மூணுன்னா?

மகள்: பலிக்கலை. வீரன் நம்பலை.

அப்பா: எத்தனை விழுந்தா நம்புவான்?

மகள்: பதினெட்டாச்சும் விழணும்.

அப்பா: இன்னொரு தடவை உருட்டினா?

மகள்: கூடாதுப்பா.

அப்பா: ஆமா. படிச்சேன். சரி, மாடியில ஒரு நாற்காலி கிடக்கு. நாலு பேருக்கு நாலு வேணும்ல. துடைச்சு எடுத்துட்டு வர்றேன்.

அம்மா: மெதுவாத் தூக்குங்க. முதுகு பிடிச்சுக்கும்.

மகள்: நான் எடுக்கிறேன்பா.

அப்பா: பேரரசர் ஒரு நாற்காலி தூக்க மாட்டாரா?

அம்மா: ...போயிட்டாரா?

மகள்: படி ஏறுறாரு.

அம்மா: இப்போ சொல்லு. உங்க அண்ணன் என்ன சொன்னான்?

மகள்: அதான் சொன்னேனேம்மா. ‘ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றேன், அம்மாவை ரொம்பக் கேட்டதாச் சொல்லு’ன்னான்.

அம்மா: பொறந்ததுலருந்து அவன் வாயால ‘கண்டிப்பா’ன்னு நான் கேட்டதில்லை. ‘பாப்போம்’னான்னு நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்டி. அழாதே. அவரு இறங்கி வந்துடுவாரு.

மகள்: போனை எடுக்கவே இல்லைம்மா. மெசேஜ் அனுப்பினேன். பாத்தான், பதில் போடலை. இன்னொண்ணு அனுப்பினேன். அதையும் பாத்தான்.

அம்மா: பாத்தானா?

மகள்: பாத்தான்.

அம்மா: ...பாத்தானே.

மகள்: உனக்கு எப்போ தெரியும்?

அம்மா: நீ வந்து சொன்ன அன்னிக்கே.

மகள்: அப்புறம் எதுக்கு சூனியக்காரி, தங்கச்சிங்க, சாவின்னு...

அம்மா: அந்த மனுஷன் எந்திரிச்சு உக்காந்தாரேடி. ரிட்டயர் ஆனதுலருந்து சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்தவரு. அண்ணன் வர்றான், ஆட்டம் ஆடணும்னு நீ ஆரம்பிச்ச. மறுநாள் காலையில ஷேவ் பண்ணிக்கிட்டு, சட்டை மாத்திக்கிட்டு, மேஜைக்கு வந்து உக்காந்தாரு. நான் என்ன சொல்லட்டும்?

மகள்: நானும் அப்படித்தாம்மா. அவரு கிடக்கிறதைப் பாக்க முடியாம வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

அம்மா: ஞாயித்துக்கிழமை என்ன சொல்லப் போற?

மகள்: அண்ணனுக்குக் காய்ச்சல்னு சொல்றேன். அடுத்த வாரம் வெளியூர் வேலைன்னு. அதுக்கடுத்த வாரம்...

அம்மா: எத்தனை வாரத்துக்குடி?

மகள்: ரெண்டு கூட்டம் இருக்கேம்மா. இழுக்கலாம்.

அம்மா: ஷ்... இறங்குறாரு. மூஞ்சியைத் துடை.

அப்பா: ஒரு கால் ஆடுது. அட்டையை மடிச்சுக் கொடுத்தா நிக்கும். என்ன, ரெண்டு பேரும் தலையைச் சேத்து வெச்சுக்கிட்டு? சதியா?

அம்மா: இவளை என் கூட்டத்துல சேத்துக்கிட்டேன்.

அப்பா: கதை நடத்துறவ கட்சி சேரக் கூடாது. விதி.

மகள்: கண்ணுல தூசிப்பா.

அப்பா: நான் கேக்கவே இல்லையேம்மா.

மகள்: அப்பா... ஞாயித்துக்கிழமை ஒருவேளை... அண்ணனுக்குப் பத்து நாளா உடம்பு சரியில்லையாம். அதனால...

அப்பா: உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் இருக்கான்.

அம்மா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: போன வாரம் முடி வெட்டிக்கப் போறேன்னு கிளம்பினேன்ல.

அம்மா: போன அதே தலையோட திரும்பி வந்தீங்க. கடை மூடியிருக்குன்னீங்க.

அப்பா: கடை திறந்துதான் இருந்துது. நான்தான் அதைத் தாண்டி அவன் இருக்கிற இடத்துக்குப் போனேன். மூணாவது மாடி. ‘ஞாயித்துக்கிழமை வர்றியாமே, இருள் அரசர் நான்தான்’னு சொல்லலாம்னு... ஒரு தமாஷுக்கு. படி பூரா சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே ஏறினேன்.

மகள்: அப்பா...

அப்பா: அவன்தான் கதவைத் திறந்தான். தாடி வெச்சிருக்கான். இளைக்கலை, அம்மா கவலைப்பட வேண்டாம். என்னை மேலேயும் கீழேயும் நல்லாப் பாத்தான். ‘யாரு வேணும்?’னு கேட்டான்.

அம்மா: அடையாளம் தெரியலையா அவனுக்கு?

அப்பா: தெரிஞ்சுதான் கேட்டான்.

மகள்: போன வாரமே இது நடந்துதா? அப்போ இத்தனை நாளா இணை, துணை, குதிரைப்படைன்னு... எதுக்குப்பா?

அப்பா: நீங்க ரெண்டு பேரும் அவன் வருவான் வருவான்னு உக்காந்திருந்தீங்க. கலைக்க மனசு வரலை.

அம்மா: யாரு வேணும்னு கேட்டானே... நீங்க என்னங்க சொன்னீங்க?

அப்பா: ‘மன்னிக்கணும் சார், வீடு மாறி வந்துட்டேன்’னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.