பதினோரு வருட மௌனம்

இந்த நாற்காலி எனக்கு ஆகாது, இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. கச்சேரி அரங்குகளில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தவனுக்கு வேறு என்ன மிஞ்சும்? கர்வினா நிலக்கரிச் சுரங்கம் என் அப்பாவின் நுரையீரலைத் தின்றது. என் இடுப்பைச் சிம்பொனிகள் தின்றன. அவருக்காவது உதவித்தொகை கொடுத்தார்கள்.

நீங்கள் கேட்டது ஓடகர் ப்ரோகேஷைப் பற்றி. சொல்கிறேன்.

இசையமைப்பாளர்களின் வாழ்க்கை வரலாறு எழுதுவது என் தொழில். அதில் ஒரு வசதி, ஆள் செத்திருப்பார், எதிர்த்துப் பேசமாட்டார். மூன்று பேரை அப்படி எழுதி முடித்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. நான்காவதாக உயிரோடு இருந்தவரைப் பிடித்தது என் புத்திக் கோளாறு.

அறுபத்தெட்டில் ரஷ்ய டாங்கிகள் எங்கள் நாட்டுக்குள் வந்த பிறகு ப்ரோகேஷ் பதினோரு வருடம் ஒரு ஸ்வரம்கூட எழுதவில்லை. அந்த மௌனம்தான் அவருடைய மிகப் பெரிய படைப்பு என்று முதலில் சொன்னவன் நான். அது பாடப்புத்தகத்தில் ஏறியது, ஒரு தெருவுக்கு அவர் பெயர் வந்தது. என் புத்தகத்துக்கு மட்டும் பத்தொன்பது வருடம் ஆனது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை காலை, மரியாதைக்காகப் புத்தகத்தின் அச்சுப் புரூஃபை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஐந்தாம் மாடி ஏறினேன். அவர் மனைவி ஸ்தெங்கா அம்மா முடி சுருட்டிக்கொள்ளக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை இவரு ரேடியோவுல பேசப்போறாரு," என்றார்.

"ரேடியோவுல உங்க முடி தெரியாதே அம்மா."

"தெரியாட்டி என்ன? நான் பக்கத்துல உக்காரணுமில்ல."

அந்த அம்மா போனதும் மாஸ்டர் ப்ரோகேஷ் தேநீரில் பிளம் சாராயத்தை ஊற்றிக்கொண்டு புரூஃபைப் புரட்டினார். எண்பத்தாறு வயது, குட்டையான மனிதர். சிரிக்க ஆரம்பித்தார்.

"டேய் ராடெக், யாருடா இந்த மகான்? எனக்கே இவன் கால்ல விழணும்போல இருக்கே."

"நீங்கதான் மாஸ்டர்."

"நானா? நான் எங்கடா சும்மா இருந்தேன்?"

பீரோவிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் போட்டார். நாற்பத்தாறு போல்கா, குடித்துவிட்டுக் குதித்து ஆடுகிற மெட்டுகள். எல்லாம் அந்தப் பதினோரு வருடத்தில், சுரங்கத் தொழிலாளர் பேண்டுக்காக, மச்சினன் பெயரில் எழுதியவை. பெரிய அரங்குகள் அவரை விலக்கி வைத்திருந்தன. பேண்டுக்காரர்கள் ஒரு போல்காவுக்கு ஒரு பன்றித் தொடை கொடுத்தார்கள்.

"மொதல்ல பசிக்கு எழுதினேன். அப்புறம் புடிச்சுப்போச்சு. என் ஆயுசுல அப்படிச் சந்தோஷமா இருந்ததே இல்லடா. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். பாவம் மச்சினன், எனக்கு வரவேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கிட்டுச் செத்தான். எழுவத்தாறுல பேப்பர்ல ஒருத்தன் எழுதினானே, 'இந்த ஆளிடம் காகிதம் கொடுப்பதே குற்றம்'னு, எவன்டா அது?"

நான்தான். அது என் முதல் விமர்சனம்.

"யாரோ சின்னப் பையனா இருக்கும் மாஸ்டர்."

"சுரங்கத்துக்காரன் பையன்டா. உங்கப்பன் அதே போல்காவுக்கு மேஜை மேல ஏறி ஆடினான். நான் பாத்தேன்."

இதைச் சொல்லிச் சிரித்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதிகம் சிரித்தால் அவருக்கு அப்படி வரும். நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைத்தால் சரியாகிவிடும். மாத்திரைப் புட்டி மேஜையில் இருந்தது. புரூஃபைப் பரப்ப எனக்கு இடம் வேண்டியிருந்தது. புட்டியை எடுத்து பீரோ மேல் வைத்தேன்.

"மாத்திரைய எடுடா ராடெக்," என்றார். பிறகு என் பெயரை மட்டும் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை உதடுதான் அசைந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கமா தப்பாக இருந்தது, திருத்தினேன்.

போல்காக்களைக் குப்பைக் குழாயில் போட்டேன். ஐந்து மாடி இறங்கி விழுந்த சத்தம், அவற்றின் தரத்துக்கு மோசமில்லை. போல்கா விஷயத்தை ஸ்தெங்கா அம்மா வெளியே சொல்லலாம். ஆனால் காகிதம் இல்லாமல் வாழ்க்கை வரலாற்றில் எதுவும் நடந்ததாகாது.

நான் சீக்கிரம் கிளம்பிவிட்டதாக முதலில் உங்களிடம் சொன்னது பொய். கை எட்டாத பீரோ மேல் புட்டி எப்படிப் போனது என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

கொலை என்று எழுதிக்கொள்கிறீர்கள், எழுதுங்கள். நான் அந்தப் பெரிய மனிதரைக் காப்பாற்றினேன், வேறொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அவருக்காக இரண்டு நிமிடம் மௌனம் ஒலிபரப்பினார்கள். அவர் படைப்புகளில் அவ்வளவு நேர்த்தியாக வேறு எதையும் யாரும் வாசித்ததில்லை.

புத்தகமும் வந்துவிட்டது, நன்றாகப் போகிறது. ஒன்றுதான் உறுத்துகிறது. அன்று மாலை அவசரமாகச் சேர்த்த கடைசிப் பத்தியில் 'தனிமையில் இறந்தார்' என்று எழுதிவிட்டேன். அது தகவல் பிழை. அறையில் இரண்டு பேர் இருந்தோம். வாசகர்களுக்கு அந்த ஒரு திருத்தம் நான் பாக்கி.