நாலு பாக்கெட் சபாரி

“ஹலோ... ஹலோ! கலஹா பஸ்ஸு வந்து அர மணித்தியாலமாச்சு, எங்க இருக்கீங்க? ... கொழுந்து நிறுக்குற மடுவத்துலயா? அங்க என்னா பண்றீங்க? நேரா மேல ஏறி வர வேண்டியதுதானே! ... ஆ? ... சத்தமா பேசுங்க, யாரோ கூச்சல் போடுறாங்க.”

சுகிர்தா தண்ணீர்த் தொட்டிக் கட்டின் மேல் ஏறி நின்றாள். அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் போனுக்கு சிக்னல் கிடைக்க அதை விட்டால் வேறு இடமில்லை. பேராதனையில் மருந்துக்கடையில் வேலை செய்யும் அவள், கண்டியில் போன் பழுது பார்க்கும் திலக்‌ஷனைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவெடுத்து ஆறு மாதமாகிறது. முடிவெடுக்காதவர் அவளுடைய அப்பா சின்னமுத்து ஒருவர்தான். எப்போது கேட்டாலும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் இந்த ஞாயிற்றுக்கிழமை பையனை வரச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் அவன் வாசல்படியை மிதித்தாக வேண்டும். இப்போதே மணி பதினொன்றரை.

“சுத்தி நிக்கிறாங்களா? எத்தன பேரு? ... இருபது பேரா! என்னா கேக்குறாங்க? ... கூரை ஒழுகுறத ஒங்ககிட்ட எதுக்குச் சொல்றாங்க? ... இருங்க, இருங்க. இன்னைக்கு என்னா உடுத்திக்கிட்டு வந்தீங்க? ... அய்யோ. ... அந்த பிஸ்கட் கலரா? நாலு பாக்கெட்டு வச்சதா?”

திலக்‌ஷனுக்குப் பழைய உடுப்பு என்றால் உயிர். பெரியப்பாவின் அலுமாரியில் நாற்பது வருசமாகக் கிடந்ததையெல்லாம் வெளுத்து, அளவு பிடித்து, தினமும் கடைக்குப் போட்டுக்கொண்டு போவான். காது வரைக்கும் காலர் நீண்ட புள்ளிச் சட்டைக்கு இந்தக் காலத்து ஜீன்ஸ். பெல்பாட்டத்துக்கு வெள்ளைக் கான்வஸ் சப்பாத்து. டீசேர்ட்டுக்கு மேலே பட்டன் போடாத சபாரிச் சட்டை. கண்டி டவுனில் அது ஸ்டைல். எங்கே வாங்கினது என்று நின்று விசாரிப்பவர்களும் உண்டு. தோட்டத்தில் விசாரணை வேறு மாதிரி இருக்கும் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது.

“ஆமா, ஆமா, டீசேர்ட் வேணாம், ஒழுங்கா வாங்கன்னு நான்தான் சொன்னேன். அதுக்காக மேலயும் கீழயும் முழு சபாரியா? ... கக்கத்துல என்னா? ... தோல் பை வேற. ... பாக்கெட்டுல பேனா? ... ரெண்டா! நல்லாத்தான் இருக்கு. எங்க தோட்டத்துக்கு சபாரி போட்டுக்கிட்டு வர்றது தொழிற்சங்கத்துத் தலைவருங்க மட்டுந்தாங்க. அதுவும் தேர்தல் வந்தாத்தான். ஒரு மாலைதான் பாக்கி... என்னா? போட்டுட்டாங்களா?”

அவள் சிரித்த சிரிப்பில் தொட்டிக் கட்டின் மேலிருந்து விழப் பார்த்தாள்.

“சிரிக்கல, சிரிக்கல. சரி, நான் தலைவரு இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே? ... சொன்னீங்களா? ... எவ்வளவு அடக்கமான தலைவருன்னு கைதட்டுனாங்களா! ... அய்யோ, வயிறு வலிக்குது. ... இல்ல, போன வைக்காதீங்க. ... யாரு? ரத்தினம்மா அக்காவா? ... அழுவுதா?”

சிரிப்பு நின்றுவிட்டது.

“அது பொய் சொல்லாது. போன மழைக்கு விடிய விடிய பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்தே இருந்துச்சு. ... எழுதிக்கிறீங்களா? எழுதி என்னா பண்ணப் போறீங்க? ... நீங்களே பிரதேச சபைக்குக் கொண்டு போவீங்களா? லீவு போட்டுட்டா? ... ம். ... சரி. எழுதுங்க. எல்லார் பேரையும் எழுதுங்க.”

இந்த ஆளை விட்டுவிட முடியாது என்று அவளுக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே வந்தது. திரும்பி வீட்டைப் பார்த்தாள். வாசலில் அப்பா உட்காரும் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அப்பா எங்கே என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். யாரோ தலைவர் வந்திருக்கிறாராம், குடையை எடுத்துக்கொண்டு அப்போதே இறங்கிவிட்டார் என்று குசினி அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

“ஹலோ! அங்க வரிசையில கறுப்புக் குடையோட யாராவது நிக்கிறாங்களா? ... கம்பளித் தொப்பி போட்டிருக்காரா? ... மீசை வெள்ளையா? ... யாருன்னா கேக்குறீங்க, அது எங்கப்பா! ... அவருக்கு எப்புடி ஒங்களத் தெரியும், போன்ல காட்டுன ஒரு போட்டோதானே, அதையும் கண்ணாடி போடாமத்தான் பாத்தாரு. ... என்னா பண்றாரு? ... கும்புடுறாரா? ஒங்களையா? விடாதீங்க, கையப் புடிங்க! எங்கப்பா ரோசக்காரரு. மாப்புள்ளயாகப் போறவன கும்புட்டோம்னு தெரிஞ்சா அதோட முடிஞ்சிச்சு. ... மனு குடுக்குறாரா? வாங்காதீங்க. ... வாங்கிட்டீங்களா?”

நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஆறு மாதம் காத்திருந்தது கொழுந்து மடுவத்தில் இப்படிக் கந்தலாகிறதே என்று ஆத்திரமாக வந்தது.

“படிங்க. என்னாதான் எழுதியிருக்காரு? ... ரோட்டா? ... ஆமா, லயத்துக்கு ஏறுற ரோட்டு ஒடஞ்சுதான் கெடக்கு, அதுக்கு என்னா? ... ம். ... ம். ... நிப்பாட்டுங்க. அத மறுபடி படிங்க. ... மெதுவா.”

அவள் தொட்டிக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என் மகளுக்கு வைகாசியில கல்யாணம்னா எழுதியிருக்காரு? ... கண்டியிலருந்து மாப்புள்ள வீட்டு வேனு வரணுமா? ... போன் கடை மாப்புள்ளன்னே இருக்கா? ... தேதி என்னா போட்டிருக்கு? ... போன மாசம் பன்னெண்டா! ... இல்ல, அழுகல. ... அழுகலங்கிறேன். ஒரு மாசமா மனசுக்குள்ள முடிவ வச்சிக்கிட்டு என்னையத் தவிக்க வச்சிருக்காரு பாருங்க இந்த மனுசன்! ... போன அவருகிட்ட குடுங்க. ... பயப்புடாம குடுங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மாதமாகக் கோபித்துக்கொண்டு முகம் கொடுக்காமல் இருந்ததெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

“அப்பா... நான்தான், சுகி. ... ஆமா, தலைவரு போன்தான். ... அப்பா, அது தலைவரு இல்லப்பா. ... சங்கத்து ஆளும் இல்ல. ... ஆமா. ... அவரேதான்.”

அவள் எழுந்து நின்று, கொழுந்து மடுவம் இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா? ... கும்புட்டா என்னாப்பா, வாசல்ல வந்து அவரு ஒங்க கால்ல விழுவாரு, சரியாப் போயிரும். ... உடுப்பா? வேற உடுப்பு இல்லாமயில்லப்பா, ஆசைக்குத்தான் போடுறாரு. டவுன்ல இப்ப இதுதான் ஃபேஷன். நான்கூட அம்மாவோட நைலக்ஸ் சாரிக்கு கறுப்பு டீசேர்ட் போட்டுத்தான் நிக்கிறேன், வந்து பாருங்க. ... மனுவா? படிச்சாரு. ... ம். ... நானும் கேட்டேன்பா.”

மணி பதினொன்று ஐம்பது.

“... இல்லப்பா, அவரால ரோட்டெல்லாம் போட முடியாது. நடந்து ஏறி வருவாரு. கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வாங்க.”

பதிலுக்குக் காத்திராமல் அவளே போனை வைத்துவிட்டாள்.