ஞாயிற்றுக்கிழமைக் கடல்

ஹலீம் சேர் பிளேன்ரீக்குள் மூன்று கரண்டி சீனி போட்டார். இந்த வயதில் அது கூடாது, வீட்டில் யாராவது சொல்ல வேண்டாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கல்விக் கந்தோரிலிருந்து விசாரிக்க வந்தவரிடம் சீனியைப் பற்றிப் பேசினால், பேச்சை மாற்றப் பார்க்கிறேன் என்று நினைப்பார். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

"தொடங்குங்கோ ரீச்சர்" என்றார்.

போன வருடம் மன்னாரில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள், சமூக வலைத்தளங்கள் வழியாகக் கற்பித்தல் என்று. மதியம் கோழிப் புரியாணி. மற்ற ஆசிரியர்களுக்கு இன்று அது மட்டும்தான் ஞாபகம். நான் வந்த கையோடு ஆண்டு பத்துக்கு முகநூலில் ஒரு குழு தொடங்கினேன். கணிதக் கேள்வியைப் படமெடுத்துப் போடுவேன், பிள்ளைகள் விடை எழுத வேண்டும். ரொபின்சன் ஒன்றுக்கும் விடை எழுதாமல் எல்லாவற்றுக்கும் விருப்பம் மட்டும் போடுவான். கேட்டால், "ரீச்சர் மனம் நோகக்கூடாதெல்லே" என்பான். வகுப்பு கலகலப்பாக இருந்தது.

ஜெனிஸ்ரா மட்டும் ஒன்றும் எழுதவில்லை. தாழ்வுபாடு என்ற கத்தோலிக்க மீனவ ஊர்ப் பிள்ளை. தகப்பன் றொபேட் கடற்றொழிலாளி. இரண்டாயிரத்து எட்டில் ஒரு காலை சைக்கிளில் போனவர், திரும்பி வரவில்லை. தாய் பிரான்சிஸ்கா பிள்ளையோடு இந்தியாவுக்குப் படகேறி மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டு, சண்டை முடிந்து மூன்றாம் வருடம் ஊர் வந்தவர்.

"நீ எழுதிறதை ஆர் பார்த்தால் உனக்குச் சந்தோசம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்பா" என்றாள்.

பிள்ளையின் தேவையைக் கண்டறியுங்கள் என்று பயிற்சியிலும் சொல்லியிருந்தார்கள்.

றொபேட் பெயரில் ஒரு முகநூல் கணக்குத் திறக்க ஏழு நிமிடம் போதுமாக இருந்தது. முகத்துக்குப் பதிலாகக் கீரிக் கடற்கரையில் நான் எடுத்த தோணிப் படம். தகப்பன் தன்னை 'சூடைக்குஞ்சு' என்று கூப்பிடுவார், சூடை மீன் மாதிரிச் சின்னவள் என்பதால், என்று அவளே ஒரு கட்டுரையில் எழுதியிருந்தாள். அந்தச் சொல்லோடு தொடங்கினேன். கேரளக் கரையில் அடையாளப் பத்திரம் இல்லாமல் இருக்கிறேன், கதைக்க வழியில்லை, எழுதத்தான் முடியும், நீ படி என்று எழுதினேன்.

படித்தாள். கணிதத்தில் முப்பத்து நான்கு எழுபத்தொன்றானது. மத்தியான இடைவேளையில் ஓய்வறையில் இருந்து நான் பதில் எழுதுவேன். மீன்பாடு எப்படி, காற்று எப்படி என்று அவள் கேட்பாள். நானும் காற்றைப் பற்றி யோசிக்கப் பழகினேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

ஒருநாள் பிரான்சிஸ்கா ஒரு பை கருவாட்டோடு பாடசாலைக்கு வந்தார்.

"நீங்கள் அந்தக் குழுவைத் தொடங்கினபடியால்தான் ரீச்சர் அவர் எங்களைக் கண்டுபிடிச்சவர். பாருங்கோ, இப்பவும் அதே பகிடி, அதே கதை."

வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு ஒரு கடிதத்தை எடுத்தார். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிற குழு அவரை அழைத்திருந்தது. றொபேட்டோடு கடலுக்குப் போய்வந்த மஹ்மூது, அன்றைக்கு அவரைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போன வாகனத்தைக் கண்டவர். ஏழு வருடம் பயந்திருந்துவிட்டு, இப்போது வந்து சொல்லச் சம்மதித்திருந்தார்.

"உயிரோட இருக்கிற மனுசனைக் காணேல்லை எண்டு எப்பிடி ரீச்சர் போய்ச் சொல்லுறது?"

யோசித்துப் பார்த்தேன். பிரான்சிஸ்கா போனால் கேள்வி வரும், றொபேட்டின் முகவரியைக் கேட்பார்கள். பிள்ளையின் சாதாரண தரச் சோதனைக்கு இன்னும் எட்டு மாதம். அன்று மத்தியானமே றொபேட் எழுதினார்: "அம்மாவைப் போக வேண்டாம் எண்டு சொல்லு."

கணவர் உயிரோடு இருக்கிறார், முறைப்பாட்டை மீளப்பெறுகிறேன் என்ற கடிதத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். பிரான்சிஸ்காவுக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. கையெழுத்து மட்டும் அவருடையது. கோப்பை மூடிவிட்டார்கள். மஹ்மூதை யாரும் கூப்பிடவில்லை. அவர் ஆனியில் மாரடைப்பில் இறந்துபோனார். நல்ல மனிதர் என்று சொல்கிறார்கள்.

பிழை விட்டது ஒரேயொரு இடத்தில். நான் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல்காரரின் மகள், சைவ சமயம். தண்ணீர் திறந்துவிட்டால் எங்களுக்கு ஞாயிறும் ஒன்று, திங்களும் ஒன்று. "இண்டைக்கு ஞாயிறு, விடிய வலை போட்டனான், நல்ல பாடு" என்று எழுதிவிட்டேன். அந்தக் கரையில் ஞாயிறு யாரும் கடலில் இறங்குவதில்லை, பூசைக்குப் போவார்கள் என்பது எனக்கு எங்கே தெரியும்?

பிரான்சிஸ்கா அப்போதும் சந்தேகப்படவில்லை. பங்குச் சாமியாரிடம் போய், "ஃபாதர், அந்த மனுசன் ஞாயிறும் கடலுக்குப் போகுதாம். அங்க இருக்கிற சாமியாரைப் பிடிச்சு நல்லா ஏசச் சொல்லுங்கோ" என்று முறையிட்டிருக்கிறார். வரைபடத்தில் பார்த்து ஓர் ஊர்ப்பெயரும் நான் கொடுத்திருந்தேன். சாமியார் அந்த ஊர்க் கோயிலுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்படி ஓர் ஆள் அங்கே இல்லை. முகநூல் குழு தொடங்கிய இடம் என்று பாடசாலைக்கு வந்து, இதை யார் செய்தது என்று கேட்டார். உடனே நான்தான் என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

ஹலீம் சேர் பேனையை வைத்துவிட்டார். மூன்று கரண்டி சீனியும் வீண், அவர் குடிக்கவேயில்லை.

"அந்தத் தாய் இப்ப எங்க போய் ஆரைக் கேக்கிறது ரீச்சர்?"

எனக்கு அது விளங்கியது. ஆனால் அது தாயின் விசயம். நான் பிள்ளையின் ஆசிரியை.

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "கடவுச்சொல்லை இதில எழுதுங்கோ, மூடிவிடுவம். கீழ பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கோ. அது அப்பா இல்லை, நான்தான் எண்டு. உங்கட கையால எழுதினால்தான் அவள் நம்புவாள்."

என் கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. காலையிலும் ஒன்று வந்திருந்தது: "அப்பா, அது நீங்கள் இல்லை எண்டு எல்லாரும் சொல்லுகினம். நான் நம்பேல்லை. செவ்வாய் கணிதச் சோதனை."

தாளை மெதுவாக அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

"இல்லை சேர்" என்றேன். "பிள்ளை பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் போகவேணும்."