சர்வர் நிற்கவில்லை

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் கம்பெனியில் குருவி கத்துவது கேட்கும். மற்ற நாட்களில் அதற்கு வழியே இல்லை. தோல் பதப்படுத்தும் டிரம் ஒவ்வொன்றும் ஒரு ரூம் பெரிசு, எல்லாம் சேர்ந்து சுற்றினால் மேஜையில் டீ கிளாஸ் தானாக நகரும். ஜும்மாவுக்கு எல்லா டிரம்மையும் நிறுத்துவார்கள். தொழப் போகிறவர்கள் போவார்கள், மற்றவர்கள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்காருவார்கள். எனக்கு வாரத்திலேயே பிடித்த நேரம் அது.

இதெல்லாம் எதற்கு என்று நினைக்கிறீர்கள் மேடம். டிரம் நின்றால்தான் கழிவுத் தண்ணீர் வராது, தண்ணீர் வராதபோதுதான் தொட்டியில் இறங்கிக் கசடு அள்ள முடியும். டிரம் நின்றால்தான் சர்வருக்கும் எழுதுகிற வேலை கம்மி, அப்போதுதான் நான் அதில் கை வைக்க முடியும். தொட்டிக்கும் சர்வருக்கும் கிடைத்தது அந்த ஒரே இடைவெளி. அதனால்தான் கசடு அள்ளுகிற இன்பராஜ் அண்ணனும் நானும் எப்போதும் ஒரே நேரத்தில் வேலை செய்தோம், அவர் சர்வர் ரூம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

உங்கள் விசாரணை ரிப்போர்ட்டைப் படித்தேன். 'சர்வர் மாற்றத்தின்போது திரை உறைந்து, பழைய வாயு அளவையே காட்டியது. பணியாளர் கலையரசி அறியாமல் நேர்ந்த விபத்து.' படித்த அன்றைக்கே சின்ன முதலாளி தன்சீல் அகமது போன் பண்ணினார். "தப்பிச்சே கலை, அல்லா காப்பாத்திட்டான். இனிமே இதைப் பத்தி யார்கிட்டயும் பேசாதே." அவரும் தப்பித்தார் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கு நானாக வந்தது அந்த ரிப்போர்ட்டைத் திருத்த. அதில் ஒரு தப்பு இருக்கிறது. என் சர்வர் மேல் பழி போட்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எங்களிடம் மூன்று சர்வர். எதை எழுதினாலும் மூன்றிலும் ஒவ்வொரு பிரதி இருக்கும். எந்தத் தோல் எந்த டிரம்மில் போனது, என்ன மருந்து போட்டது, சோதனையில் என்ன வந்தது, தொட்டியில் என்ன வாயு, கேமராப் படம், எல்லாம் அதில். அதைக் காட்டினால்தான் வெளிநாட்டுக்காரன் ஷூ எடுப்பான். மூன்றும் ஓடிக்கொண்டிருந்தது பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில். அதைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள், இனிமேல் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. மாற்றியே ஆக வேண்டும். ஆனால் ஓர் எழுத்துகூடத் தொலையக் கூடாது.

எங்கள் வீடு குடியாத்தத்தில். அப்பா லுங்கித் தறி வைத்திருந்தார். பாவு நூல் தீர்ந்ததும் தறியைப் பிரித்துப் போட மாட்டார்கள். பழைய பாவின் நுனியில் புதுப் பாவைப் பிணைத்து இழுத்துக்கொள்வார்கள், அச்சும் விழுதும் இருந்த இடத்திலேயே இருக்கும். சர்வரும் அப்படித்தான். டேட்டா டிஸ்க்கைத் தொடவே கூடாது. மூன்றில் ஒன்றை மட்டும் வெளியே எடுத்து, மற்ற இரண்டிடமும் 'இது திரும்பி வரும், இதன் பங்கைப் பிரித்துக்கொள்ளாதீர்கள்' என்று ஓர் உத்தரவு போட்டுவிட்டு, சிஸ்டம் இருக்கும் சின்ன டிஸ்க்கில் மட்டும் புதுசு ஏற்றி, மறுபடி சேர்க்க வேண்டும். அது விட்டுப்போனதை எல்லாம் எழுதி முடித்து, திரை முழுக்கப் பச்சை ஆன பிறகுதான் அடுத்ததில் கை வைக்கலாம். அவசரப்பட்டால் போச்சு.

எனக்கு முன்னால் இருந்த சம்பத் சார் அவசரப்பட்டார். ஒரு சீசன் டேட்டா போனது. சரக்கு திரும்பி வந்தது. தையல் பிரிவில் ஒரு வரிசையையே மூடினார்கள். அந்த வரிசையில் என் அக்கா முத்துமாரி இருந்தாள். இப்போது பேரணாம்பட்டில் மாமியார் வீட்டில் பீடி சுற்றுகிறாள். சம்பத் சார் சத்துவாச்சாரியில் வீடு கட்டிவிட்டார். டேட்டா போனால் யார் வயிற்றில் அடிக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இன்பராஜ் அண்ணனின் மனைவி சம்பூர்ணமும் அதே தையல் பிரிவுதான். அந்த டிஸ்க்கில் அவர் வீட்டுச் சோறும் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் சர்வரை விபத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாற்றினேன். அதில் ஒரு பேஜார் ஆனது. சர்வரை வெளியே எடுத்ததும் அலாரம் புரோகிராம் அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு தொட்டி மணியை அடித்துவிட்டது. தொட்டியில் வாயு கிளம்பினால் அடிக்க வேண்டிய மணி அது. அடித்தால் பொறி கிறி பறக்காமல் இருக்க அந்தப் பக்கத்துக் கரண்ட் முழுக்கத் தானாக நின்றுவிடும். சர்வர் ரூமும் அந்தப் பக்கம்தான். கரண்ட் போனால் தாங்க வேண்டிய பேட்டரி உப்பிக் கிடந்தது, மாற்றச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அன்றைக்கு மூன்று சர்வரும் ஒரேயடியாக அணைந்தன. ஏதோ நல்ல நேரம், எதுவும் தொலையாமல் எழுந்தன.

பள்ளிவாசலில் இருந்து தன்சீல் பாய் தொப்பியோடு ஓடி வந்தார். "இன்னா கலை இது, தொழுகையில நிக்கிறவங்களை ஓட வச்சுட்டியே. அடுத்த வாரம் எனக்கு மணிச் சத்தமே கேக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது பாய்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் வேலையாக மணியை நிறுத்தினேன். சர்வருக்கு மட்டும் நிறுத்த வழியில்லை, நிறுத்தினால் வாயுவுக்கும் சேர்த்து அடிக்காது. ஒன்றே ஒன்று என் கைக்கு எட்டாதது. தொட்டி வாயில் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கிறது. அது நேராகக் கரண்ட்டோடு சேர்ந்தது. யார் அமுக்கினாலும் மணியும் அடிக்கும், கரண்ட்டும் போகும்.

சட்டப்படி அந்தத் தொட்டியில் ஆள் இறங்கக் கூடாது. பேப்பரில் பம்புதான் இறங்கும். நிஜத்தில் இன்பராஜ் அண்ணன் இறங்குவார், மேலே தனகோடி கயிறு பிடிப்பான். இறங்குவதற்கு முன்னால் அண்ணன் என் ஜன்னலைத் தட்டிக் கேட்பார். அவர் தலைக்கு மேலேயே ஒரு மீட்டர் மாட்டியிருந்தார்கள், கசடு பட்டு அது மங்கிப் போய் எத்தனையோ காலம். அதனால் என் திரைதான் அவருக்கு மீட்டர். கம்மி என்றால் இறங்குவார். ஜாஸ்தி என்றால் ஒரு பேச்சு பேசாமல் போய்ப் பட்டனை அமுக்கிவிடுவார். முன்னால் ஒரு தரம் அமுக்கி, "எதுக்குடா அமுக்குன" என்று சூப்பர்வைசர் திட்டியபோது, "உங்க மூக்கு ஆபீஸ்ல இருக்குது சார், என் மூக்கு இங்கல்ல இருக்குது" என்றவர்.

அன்றைக்கு இரண்டாவது சர்வரை வெளியே எடுத்துப் புதுசு ஏறிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்து மூன்றாவது சர்வரில் ஒரு டிஸ்க் செத்துப்போனது. அதன் அர்த்தம் உங்களுக்குப் புரிய வேண்டும். ஒன்று வெளியே, ஒன்று நோயாளி. எங்கள் டேட்டாவில் ஒரு பங்கு அந்த நிமிஷத்தில் இந்த உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. கரண்ட் ஒரு தரம் போயிருந்தால் அது எழுந்திருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

ஜன்னல் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இன்னா சிஸ்டர், உன் பொட்டிக்குப் புதுத் துணி உடுத்திட்டியா?"

"பாதி உடுத்தியாச்சுண்ணே."

"சீக்கிரம் உடுத்து, வெக்கப்படப் போவுது. கேஸ் எவ்ளோ காட்டுது? எறங்கட்டுமா?"

"கம்மிதாண்ணே. எறங்குங்க."

"உன்ன நம்பித்தான் எறங்குறேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். எப்போதும் சொல்வதுதான்.

இதுவரைக்கும் உங்கள் ரிப்போர்ட்டும் நானும் ஒன்றுதான். இதற்கு மேல்தான் நீங்கள் அனுப்பின கம்ப்யூட்டர் நிபுணர் தப்பு பண்ணினார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். இரண்டு பிரதி போய் ஒரே பிரதி மிச்சம் இருந்தால், பாதுகாப்புக்காக அந்தப் பங்கில் எழுதுவதைச் சர்வர் நிறுத்திவிடும், அதனால் திரை பழைய எண்ணிலேயே நின்றிருக்கும் என்று எழுதியிருக்கிறார். பொதுவாக அது சரி. ஆனால் வேலை தொடங்கும்போதே நான் அந்த அமைப்பை மாற்றி வைத்திருந்தேன். ஒரே பிரதி இருந்தாலும் நிற்காதே, எழுதிக்கொண்டே இரு என்று. அவர் அதைப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவர் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டார்.

என் திரை உறையவில்லை மேடம். ஒரு நொடிகூட நிற்கவில்லை. அண்ணன் கேட்டபோது தொட்டி அளவு சிவப்பில் இருந்தது.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள். யோசித்துத்தான் சொன்னேன். ஜாஸ்தி என்றால் அவர் பட்டனை அமுக்குவார், கரண்ட் போகும் என்று எனக்குத் தெரியும். அவர் மேலே நின்றால் கை பட்டன் பக்கத்தில் இருக்கும். உள்ளே இறங்கினால் இருக்காது. இறங்கின பிறகு வாயு கொஞ்சம் ஏறின எத்தனையோ நாள் அவர் தலைவலியோடு ஏறி வந்து, ஒரு சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அன்றைக்கும் தலைவலியோடு போவார் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் எனக்கே நான் சொல்லிக்கொண்டிருந்தேன், பேசிக்கொண்டே வரும்போது அது அவ்வளவு சரியாக வரவில்லை. சிவப்பு அன்றைக்கு ரொம்ப ஜாஸ்தி. பார்த்தேன்.

அப்புறம் தனகோடி. கயிறு தொய்ந்ததும் எட்டிப் பார்த்தான். "அக்கா, அண்ணன் சாஞ்சுட்டாருக்கா" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே பட்டன் பக்கம் திரும்பினான். அவனாகவே காப்பாற்ற இறங்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள். கேமராவில் படம்தான் வரும், குரல் வராது. அதனால் உங்கள் மேல் தப்பில்லை. நான் ஜன்னலைத் திறந்து சொன்னேன், "பட்டன் வேணாம் தனகோடி, உள்ள லைட்டும் போய்டும். மொதல்ல எறங்கித் தூக்கு." ரொம்ப நியாயமான பேச்சு. என் குரல் நிதானமாக இருந்ததால் நம்பினான். படத்தை இன்னொரு தரம் பாருங்கள், அவன் கை பட்டனுக்குப் போய்த் திரும்புவது தெரியும். அவன் பார்ப்பது என் ஜன்னலைத்தான்.

நான் திரும்பி வந்து கீபோர்டில் உட்கார்ந்தேன். இரண்டாவது சர்வர் எழுந்தது. சேர்த்தேன். விட்டதை எல்லாம் எழுதிக்கொண்டது. செத்த டிஸ்க்கில் இருந்ததையும் மற்ற டிஸ்க்குகளில் பிரித்து வைத்தேன். திரை முழுக்கப் பச்சை ஆனது. அதற்குப் பிறகு எழுந்து வெளியே போய்க் கத்தினேன். கத்தியதும் நிஜம், அழுததும் நிஜம். தொழுகை முடிந்து வந்தவர்கள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. காரியம் முடிந்த பிறகு ஒருநாள் சம்பூர்ணம் அக்கா என் ரூமுக்கு வந்தார். கம்பெனியில் கம்ப்யூட்டர் கோளாறு என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். சர்வரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுதானா பாப்பா அது? மிஷின் மேல கோவப்பட்டு இன்னா பண்றது. உடு, நீ மனசுல வச்சுக்காதே" என்றார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் என் சர்வரை மன்னித்துவிட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை. அது ஒரு தப்பும் பண்ணவில்லையே. கடைசி வரைக்கும் நிஜத்தைத்தான் காட்டியது, நிஜத்தைத்தான் எழுதி வைத்தது. பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

அதனால் திருத்தி எழுதுங்கள். திரை உறையவில்லை, டேட்டா எதுவும் தொலையவில்லை. சிவப்பு என்று தெரிந்தே இன்பராஜ் அண்ணனை இறங்கச் சொன்னது கலையரசி. தனகோடியின் கையைப் பட்டனில் இருந்து திருப்பியதும் கலையரசி. இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். அளவு எல்லாம் மூன்று பிரதி இருக்கிறது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு புள்ளி வித்தியாசம் வராது. அதை மட்டும் உங்கள் நிபுணர் வாயால் தன்சீல் பாயிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், எழுதாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாவது சர்வர் இன்னும் பழைய சிஸ்டத்தில்தான் இருக்கிறது, ரொம்ப நாள் விடக் கூடாது. தொட்டியிலும் பாதிக் கசடு அப்படியே கிடக்கிறது, அதற்கும் ஒரு வெள்ளிக்கிழமை ஆள் கூட்டி வருவார்கள். என் இடத்தில் யார் உட்கார்ந்தாலும், சர்வர் வேலை முடிகிற வரைக்கும் அந்தப் பட்டன் பக்கத்தில் ஒருத்தரையும் நிற்க விட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.